தவணையில் மனை: ஒப்பந்தமா, கிரையமா?

விற்பவரே தவணை தருகிறார், வங்கிக்கு அலைய வேண்டாம் என்றதும் பலர் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள். என் சித்தப்பாவும் அப்படித்தான். முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வருடம் மாதாமாதம் கட்டினார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு தவணைக்கும் எதிரே விற்றவரின் கையெழுத்து இருக்கிறது. அந்த மனை இன்று வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது.

அவர் கையில் இருந்தது பதிவாகாத கிரைய ஒப்பந்தம். அதாவது, பிறகு விற்றுத் தருகிறேன் என்ற எழுத்து மட்டும்; சொத்தைக் கைமாற்றும் கிரையப் பத்திரம் அல்ல. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். கிரையம் செய்து தரக் கோரும் வழக்கில் பதிவாகாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சொத்தின் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறாதே! அந்தச் சான்றை நம்பி முழுப் பணமும் கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆள் வந்துவிட்டால் நம் வழக்கு தடுமாறும்.

பதிவு செய்த ஒப்பந்தம் எவ்வளவோ மேல். வில்லங்கத்தில் தெரியும், பிறகு வாங்குபவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொத்து இன்னும் விற்பவருடையதுதான். அவர் இறந்தால் வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்துக்கும் நடக்க வேண்டும். அவர் கிரையம் தராவிட்டால் வழக்குப் போட, ஒப்பந்தத்தில் எழுதிய கெடு முடிந்து 3 ஆண்டுதான் அவகாசம். அதனால் கடைசித் தவணைக்குப் பிந்தைய தேதியையே கெடுவாக எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் நாளே கிரையம் வாங்கிக்கொண்டு, பாக்கிக்கு அதே மனையை விற்பவருக்கு அடமானம் எழுதிக் கொடுப்பதுதான் நல்லது. 18 லட்ச ரூபாய் மனைக்கு 6 லட்சம் கொடுத்தால், 12 லட்சத்துக்கு அடமானம். மனை உங்கள் பெயரில், பட்டாவும் மாற்றிக்கொள்ளலாம். தவணை தவறினால் பொதுவாக விற்றவர் நீதிமன்றம் போய்த்தான் வசூலிக்க முடியும். ஏலம் போனாலும் கடன், செலவு போக மிச்சம் உங்களுக்கு. ஒப்பந்தத்தில் தவறினாலோ கொடுத்த அட்வான்ஸே போய்விடலாம். ஒரே சிரமம், 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். அடமானப் பத்திரச் செலவு தனி.

‘பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தருகிறேன், போதும்’ என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

எந்த வழியானாலும் மனைமேல் பழைய வங்கிக் கடன் இருக்கிறதா என்று பார்த்து, மூலப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். அப்புறம், அடமானம் எழுதியிருந்தால், கடைசித் தவணை கொடுக்கும் அன்றே விற்றவரைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய் அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்துவிடுங்கள். விட்டால், தீர்த்த கடன் வில்லங்கத்தில் அப்படியே நிற்கும்.