பெயரில்லாப் பெட்டியில் வந்த இரண்டு கால்கள்

பெட்டியின் மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. உள்ளே ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்துக்கான இரண்டு அலுமினிய ரிட்ராக்ட்கள் (சக்கரக் காலை மடக்கி இறக்கும் அலகுகள்), ஸ்பிரிங் வைத்த இரண்டு கால்கள், ஓர் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஒய் வயர், ஓர் ஆலன் சாவி, சிறு பையில் திருகுகள். செய்முறைத் தாளில் படம் மட்டுமே இருக்கிறது, அதுவும் வேறு விமானத்தின் படம். இணையத்தில் அறுபது வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக வாங்கினேன். 1.2 மீட்டர் இறக்கையுள்ள நுரை ஸ்பிட்ஃபயருக்கு (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாதிரி) அப்படியே பொருந்தும் என்று விற்பவர் எழுதியிருந்தார். திருகுத் துளைகள் பொருந்துகின்றன. மற்றதெல்லாம் நம் கையில்தான்.

விமானத்தோடு வந்த பழைய கால்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்த அளவில் நுரைப் போர் விமானம் விற்கிற எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கிறார்கள்: மடங்கும் பகுதி நைலான், அதற்குள் 3 மி.மீ. எஃகுக் கம்பி, கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு). சீரான தார் ஓடுதளத்தில் இது நெடுநாள் உழைக்கும். நமக்குக் கிடைப்பது புல்தரை. மழை பெய்து இரண்டு நாள் வெட்டாமல் விட்டால் அந்த அகன்ற இலைப் புல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். விமானம் முன்னே போக, கால் பின்னே நிற்கும். நைலான் பிளந்துவிடும்.

போதாக்குறைக்கு ஸ்பிட்ஃபயரின் கால்கள் இறக்கையின் அடிப்பகுதியில், உடலை ஒட்டியே பொருத்தப்பட்டு வெளிப்பக்கமாக மடங்குகிறவை. அதனால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் குறைவு. தரையில் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாலும் இறக்கை நுனி புல்லைத் தொடும். உண்மையான விமானத்திலும் இதே தொல்லைதான். கப்பலில் இறங்குவதற்காக மாற்றப்பட்ட ஸ்பிட்ஃபயர்களான சீஃபயர்களில், 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோ கரையோரம் எதிரியிடம் இழந்தவற்றைவிடக் கப்பல் தளத்தில் இறங்கும்போது நொறுங்கியவை அதிகம். அகலக் கால் வேண்டுமானால் அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிகேன் வாங்கியிருக்கலாம். அதன் கால்கள் உட்பக்கமாக மடங்கும், நின்றால் அசையாது. 1942 தொடக்கத்தில் சிங்கப்பூரைக் காக்க வந்ததும் ஹரிகேன்தான்.

ஆனால் எனக்கு ஸ்பிட்ஃபயர்தான் வேண்டும். காரணம், இங்கே சிங்கப்பூரில் பிரிட்டிஷ் விமானத்தளமாக இருந்த சிலேத்தார். பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று கடைசியாகப் போர்ப் பணிக்குப் பறந்தது 1954 ஏப்ரல் 1 அன்று, சிலேத்தாரிலிருந்து. 81ஆவது படைப்பிரிவின் பிஆர் 19 ரகம் அது. துப்பாக்கி கிடையாது, கேமரா மட்டும். மலாயாவில் கம்யூனிசக் கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தில் ஜொகூர்க் காடுகளைப் படமெடுக்கப் போய்த் திரும்பியது. என் விமானத்துக்கும் அப்படிப் படமெடுக்கும் விமானங்களின் நீல வண்ணத்தையே அடித்திருக்கிறேன். இங்கே ஐரோப்பியப் பச்சையும் பழுப்பும் அடித்த ஸ்பிட்ஃபயர்களை நிறையப் பார்க்கலாம், சிலேத்தார் நீலத்தைப் பார்க்க முடியாது. எனக்கு அது கொஞ்சம் வருத்தந்தான்.

இனி பொருளுக்கு வருகிறேன். பணி ஓய்வு பெறும்வரை பயணிகள் விமானங்களின் லேண்டிங் கியரைப் பிரித்துச் சோதித்துப் பூட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு கால் பத்தாண்டுக்கு ஒருமுறை வரும், கடைசித் திருகுவரை பிரித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் இவற்றையும் மேசைமேல் போட்டுப் பிரித்தேன்.

சட்டம் நன்றாக இருக்கிறது. அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்திருக்கிறார்கள், வார்ப்பு இல்லை. உள்ளே சிறு மோட்டார் ஒரு திருகுத்தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் மேல் நகரும் மரையிலுள்ள முள், காலைத் தாங்கும் கட்டையின் பள்ளத்தில் ஓடி அதை மடக்குகிறது. கால் முழுதாக இறங்கியதும் முள் பள்ளத்தின் கடைசி வளைவில் போய் உட்கார்ந்துவிடுகிறது. சக்கரத்தின் மேல் வரும் பக்கவாட்டு விசை மோட்டார்ப் பக்கம் போகாமல் சட்டத்துக்கே போய்ச் சேரும். இந்தப் பூட்டு சரியாக விழுகிறதா என்பதுதான் ரிட்ராக்ட் வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம். இதில் விழுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுச் சக்கரத்தை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன், மடங்கவில்லை.

ஆட்டம் இருக்கிறது. சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, சக்கர முனையில் இரண்டு மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. கட்டையின் இரு பக்கமும் மெல்லிய பித்தளை வளையம் ஒன்றைச் செருகியதும் பாதி குறைந்தது. முழுக்க ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடக் கூடாது. வெயிலில் அலுமினியம் சற்று விரிந்தாலும் மோட்டார் திணறும்.

மோட்டார் திணறினால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இந்த அலகுகளில் எல்லைச் சுவிட்ச் கிடையாது. கால் எங்காவது முட்டி நின்றால் மின்னோட்டம் ஏறும், அதை உள்ளிருக்கும் சிறு சர்க்யூட் உணர்ந்து மோட்டாரை நிறுத்த வேண்டும். பாதி வழியில் விரலால் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். வலது அலகு உடனே அடங்கியது. இடது அலகு சற்று நேரம் முனகி, தொட்டால் சுடுகிற அளவுக்கு வந்த பிறகுதான் நின்றது. ஒரே பெட்டியில் வந்த இரண்டுக்கும் இப்படி ஒரு வேறுபாடு. பெயரில்லாப் பொருளின் குணம் இது. இரண்டும் ஒரே வேகத்தில் மடங்குவதும் இல்லை, ஆனால் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். உண்மையான ஸ்பிட்ஃபயரிலும் கால்கள் பெரும்பாலும் முன்பின்னாகத்தான் மேலே போகும். தொடக்ககால மார்க் 1 ரகத்தில் விமானியே கையால் பம்பு அடித்துக் காலை ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு கை பம்பு அடிக்க, ஸ்டிக்கைப் பிடித்த மறுகையும் சேர்ந்து ஆட, விமானம் தலையாட்டிக்கொண்டே ஏறுமாம்.

இடது வலதை மாற்றிப் போட முடியாது என்பதையும் கவனியுங்கள். கால் இறங்கி நிற்கும்போது சக்கரம் சற்று முன்தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் புல்லில் மூக்குக் குத்தும். அந்தச் சாய்வைக் கம்பித் துளையிலேயே கொடுத்திருக்கிறார்கள். நல்ல யோசனை. கம்பி 4 மி.மீ., கிரப் ஸ்க்ரூ இரண்டு. ஆனால் கம்பியில் ஸ்க்ரூ உட்காரத் தட்டையான முகம் இல்லை. உருண்டைக் கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டாவது தரையிறக்கத்தில் திரும்பிவிடும், சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்க்கும், விமானம் தரையில் வட்டமடிக்கும். அரத்தை எடுத்து ஸ்க்ரூ விழும் இடத்தில் தட்டையாக ராவிவிடுங்கள். இரு சக்கரங்களும் ஒன்றிரண்டு பாகை உட்பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் குறிப்பது நல்லது. பிறகு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், சூடாக்கினால்தான் கழலும். பசை பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில பிளாஸ்டிக்குகள் அதில் வெடித்துவிடும்.

ஸ்பிரிங்குகள் வீண். ஒன்றரைக் கிலோ விமானத்தின் முழு எடையையும் ஒரே காலில் வைத்தாலும் அசையவில்லை. அவை வெறும் அலங்காரம். கழற்றிவிட்டு மென்மையான ஸ்பிரிங் போட்டேன். விமானம் நிற்கும்போது மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் போதும்.

இதெல்லாம் சில்லறை வேலை. சொல்ல வந்தது வேறு.

எங்கள் திடலுக்கு வரும் ஒரு தம்பி இதே தொகுப்பை எனக்கு முன்பே வாங்கிவிட்டார். இறக்கையில் அலகு உட்காரும் பழைய பிளாஸ்டிக் மேடையிலேயே எஃகுத் திருகுகளால் இறுக்கிப் பூட்டியிருந்தார். ஈரப் புல்லில் ஒரு முரட்டுத் தரையிறக்கம். அலகு மேடையோடும், கையளவு நுரையோடும் பிய்ந்து வந்துவிட்டது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி, "மாமா, கால் கொஞ்சங்கூட வளையவில்லை, பாருங்கள்" என்றார்.

"வளையவில்லை தம்பி. அதனால்தான் இறக்கை போயிற்று" என்றேன்.

தரையில் மோதிய விசை எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். நைலான் காலில் அது நைலானை உடைத்துத் தீர்ந்தது. காலை உலோகமாக்கினால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். நுரை விமானத்தில் அந்த இடம் இறக்கை. பெரிய விமானங்களில் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள். காலை இறக்கையோடு இணைக்கும் ஊசிகளில் சில, குறிப்பிட்ட அளவுக்கு மேல் விசை வந்தால் தாமே அறுந்துபோகும்படி செய்யப்பட்டவை. இறக்கைக்குள் எரிபொருள் இருக்கிறது. கால் பிய்ந்தாலும் தொட்டி கிழியக் கூடாது. வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் போவது போலத்தான். ஆகவே உலோக ரிட்ராக்ட் வாங்குகிறவர் எதை உடையவிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நான் செய்தது இது. பழைய பிளாஸ்டிக் மேடையை அகற்றினேன். 3 மி.மீ. பர்ச் பிளைவுட்டில் புதிய மேடை வெட்டினேன், முன்னதைவிட இரு மடங்கு நீளம், ஒரு முனை இறக்கைக்குள் ஓடும் கார்பன் குழாயைத் தொடும்படி. அரைமணி நேர எபாக்சியால் ஒட்டினேன். ஐந்து நிமிட எபாக்சி வேண்டவே வேண்டாம், நுரைக்குள் ஊறுவதற்குள் இறுகிவிடும். ஒட்டுமுன் நுரையில் ஊசியால் நிறையத் துளைகள் குத்திவிட்டால் பசை வேர்விடும். பின்பக்கத் திருகுகள் இரண்டும் எஃகு. முன்பக்க இரண்டும் எம்3 (3 மி.மீ.) நைலான், சிம் லிம் டவரின் உதிரிபாகக் கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கும்.

முன்பக்கம் ஏன் என்றால், விமானம் செங்குத்தாக விழும்போது அலகு பிளைவுட்டின் மேல் அழுந்துகிறது, திருகுகளுக்கு வேலையே இல்லை. புல் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போதுதான் அலகின் முன்விளிம்பு மரத்தைவிட்டுக் கீழே பிரியப் பார்க்கும். முன்திருகுகள்தான் அந்த இழுப்பைத் தாங்குகின்றன. அவை அறுந்தால் கால் பின்பக்கம் சாய்ந்து படுத்துவிடும், இறக்கை தப்பிக்கும்.

சுமத்ரா காற்று திடீரென்று கிளம்பிய ஒரு மாலை இதற்குச் சோதனை வந்தது. தரையைத் தொடும் நொடியில் பக்கக் காற்று தள்ள, இடது சக்கரம் உயரப் புல்லில் சிக்கியது. டப் என்று சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு நைலான் திருகுகளும் அறுந்து, கால் பின்னால் சாய்ந்து கிடந்தது. இறக்கையில் கீறல் இல்லை. மரத்தில் மாட்டியிருந்த திருகுத் துண்டுகளைச் சூடான ஸ்க்ரூடிரைவர் முனையால் எடுத்து, புதியவற்றைப் பூட்டி, மழை இறங்குவதற்குள் இன்னொரு முறை பறக்கவிட்டேன். அறுந்த திருகுகளின் மதிப்பு ஒரு வெள்ளிகூட இருக்காது.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பையில் வரும் திருகுகள் மட்டம், தலை வழுக்கிவிடும், எறிந்துவிடுங்கள். கம்பி துருப்பிடிக்கும். நம் காற்றின் ஈரத்தில் ஒரு வாரத்திலேயே பழுப்புப் புள்ளி தெரிந்தது, பறந்து முடித்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். கால் தடிமனாக இருப்பதால், மடங்கிய காலை மறைக்கும் பழைய மூடிகளின் பிளாஸ்டிக் பிடிகள் அதைக் கவ்வவில்லை, சிறிய கேபிள் டையாலும் சிலிகானாலும் கட்டினேன், அழகில்லைதான். எடை பழையதைவிட நாற்பது கிராம் அதிகம். சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு முன்னால் இருப்பதால் பேட்டரியைச் சற்றுப் பின்தள்ளினால் சரியாகிறது. சிங்கப்பூர் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. 250 கிராமுக்கு மேற்பட்ட எல்லாவற்றுக்கும் அது தேவை, இந்த விமானத்துக்கு அது ஏற்கெனவே இருக்க வேண்டும்.

இதை வாங்கலாமா என்றால், அரமும் எபாக்சியும் கைவசம் உள்ளவர் வாங்கலாம். பெட்டியைத் திறந்து பூட்டி அன்றே பறக்க நினைப்பவர் பழைய நைலான் கால்களையே இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும், மொத்தச் செலவு குறையும். மேடையைப் பிளைவுட்டில் மாற்றாமல் இதைப் பூட்டுவது மட்டும் கூடாது.

நான் சந்தேகப்பட்ட இடது அலகு கடைசியில் காலை வாரிவிட்டது. மூடியின் ஓரம் நுரையில் உரசி நின்ற ஒரு நாளில் மோட்டார் அடங்காமல் எரிந்துபோயிற்று. நல்லவேளை, கால் கீழே இருந்தது. இடது மட்டும் தனியாகத் தர முடியுமா என்று விற்பவருக்கு எழுதினேன். ஜோடியாகத்தான் விற்போம் என்று மறுநாளே பதில் வந்தது. பதில் சொல்வதில் குறை வைக்கவில்லை. புதிய ஜோடியில் இரண்டு அலகுகளையும் முதலில் மேசையிலேயே பிடித்து நிறுத்திப் பார்த்தேன், இரண்டும் உடனே அடங்கின. இப்போது என்னிடம் பயன்படுத்தாத வலது அலகு ஒன்று உபரியாக இருக்கிறது. இதே தொகுப்பை வாங்கி வலதுபக்கம் பழுதானவர் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன். பித்தளை வளையங்கள் இலவசம்.