படம் பாத்த சந்தோஷத்துல கேம் வாங்கிடாதீங்க, எனக்கு 94 டாலர் போச்சு

மக்களே, கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ரீஃபண்ட் கேட்டு எழுதுனதுக்கு நேத்து ராத்திரி தான் கடைசி பதில் வந்துச்சு, "உங்கள் கோரிக்கை எங்கள் விதிமுறைக்குள் வரவில்லை"ன்னு ஒரே வரி. மூணு வாரம் அலைஞ்சதுக்கு அந்த ஒரு வரி தான். 94 டாலர் போனது போனது தான். கடை பேரு சொல்லல, கேம் பேரும் சொல்லல. டிஜிட்டலா கேம் விக்கிற பெரிய தளம்னு மட்டும் வச்சுக்கோங்க, ஏன் சொல்லலன்னு கடைசில புரியும்.

கேம்ல இருந்து படம் எடுக்கறாங்கன்னாலே வயித்துல புளியைக் கரைச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. 1993ல வந்த மாரியோ படத்துல இருந்து 2000கள்ல வந்த ஹாரர் கேம் படங்க வரைக்கும், எடுத்தவங்க அந்த கேமை ஒரு தடவையாவது ஆடிப் பாத்தாங்களான்னே சந்தேகம் வரும். அப்புறம் தான் மாறுச்சு. 2019ல சோனிக் பட டிரெய்லர் வந்தப்ப சோனிக்கோட உருவத்தைப் பாத்து ரசிகருங்க கத்துன கத்துல ரிலீஸையே 2020 பிப்ரவரிக்குத் தள்ளி வச்சு சோனிக்கை மறுபடி வரைஞ்சாங்க. 2021ல ஆர்கேன் அனிமேஷன் சீரிஸ், 2023ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் சீரிஸ், அதே வருஷம் மாரியோ அனிமேஷன் படம் 130 கோடி டாலருக்கு மேல வசூல். 2024 ஏப்ரல்ல ஃபால்அவுட் சீரிஸ் வந்ததும் பல வருஷத்துக்கு முன்னாடி வந்த கேம்களை எல்லாரும் திரும்ப இன்ஸ்டால் பண்ணி ஆட ஆரம்பிச்சாங்க. ரசிகனா எனக்கு அவ்ளோ சந்தோஷம், நம்ம ரசனைக்கு ஒருவழியா மரியாதை வந்துச்சுன்னு நினைச்சேன். ஆனா படம் பாத்துட்டு வெளிய வர்றவன் மனசு எவ்ளோ இளகி இருக்கும்னு கடைக்காரங்களுக்கும் அப்ப தான் தெரிஞ்சுது.

நான் சின்ன வயசுல இருந்து ஆடுன ஒரு ஹாரர் கேம் போன மாசம் படமா வந்துச்சு. படம் நல்லா இருந்துச்சு, அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. அந்த கேம்ல சேவ் ரூம், அதாவது ஆடுன வரைக்கும் சேமிச்சு வைக்கிற அறை, அந்தக் கதவைத் திறந்ததும் மெதுவா ஒரு பியானோ வரும், இங்க எந்தப் பேயும் வராது, மூச்சு விட்டுக்கோன்னு அர்த்தம். படத்துல ஹீரோயின் ஓடி வந்து கதவைச் சாத்திட்டு அதுல நெத்தியை முட்டிக்கிட்டு நிக்கிறா, ஒரு நிமிஷம் சத்தமே இல்ல, அப்புறம் அந்த பியானோ. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, பக்கத்து சீட்ல இருந்தவரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்து கடையைத் திறந்தா முதல் பேனரே அது தான். அதே கதவு, அதே பியானோ, "கதவுக்கு அந்தப் பக்கம் நடந்த கதை, டீலக்ஸ் எடிஷனில் மட்டும்"னு போட்டிருந்தாங்க. பழைய கேமைப் புதுசா செஞ்ச ரீமேக், படத்தைத் தொடர்ற தனி அத்தியாயம், மூணு நாள் முன்கூட்டியே ஆடலாம், எல்லாம் சேர்த்து 94 டாலர். சாதா எடிஷன் 60 தான், 34 டாலர் கூட கொடுத்தது அந்த ஒரு அத்தியாயத்துக்காக மட்டும் தான். அப்பவும் நான் கண்ணை மூடிட்டு வாங்கல. சப்போர்ட் சாட்ல போய் அந்த அத்தியாயம் இதுலயே இருக்கான்னு கேட்டேன். "ஆமாம், டீலக்ஸோடு சேர்ந்தே வருகிறது, பிரச்சனை இருந்தால் ரீஃபண்ட் உண்டு"ன்னு பதில் வந்துச்சு. ஒரு மனுஷன் சொல்றான்னு நம்பி அந்த நிமிஷமே கார்டு நம்பரைப் போட்டேன். அந்த சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுக்கல, ஜன்னலை மூடுனதும் அது போயிடுச்சு.

கேமைத் திறந்தா முதல்ல ஷேடர் கம்பைல் ஆகுதுன்னு ஒரு கோடு மெதுவா நகருது. கேமோட காட்சிகளை நம்ம கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏத்த மாதிரி தயார் பண்ற வேலை, பிசில ஆடுறவங்களுக்குத் தெரியும். அது 50 நிமிஷம் ஓடுச்சு. முடிஞ்சு உள்ள போனா பத்து நிமிஷத்துல கிராஷ் ஆகி தானா மூடிக்கிச்சு, திரும்பத் திறந்தா மறுபடி முதல்ல இருந்து கம்பைல். இப்படியே முட்டி மோதி மெனுவுக்குப் போனா நான் காசு கொடுத்த அத்தியாயம் சாம்பல் கலர்ல ஒரு பூட்டு படத்தோட "விரைவில்"னு நிக்குது. எப்பன்னு தேதி இல்ல. கடைப் பக்கத்துல போய்த் தேடுனா, சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸுக்கும் கீழ, பொடி எழுத்துல, "சில உள்ளடக்கம் பின்னர் வழங்கப்படும்".

உடனே ரீஃபண்ட் கேட்டேன். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆடியிருந்தா கிடையாதுங்கறது பல தளத்துல இருக்குற ரூல் தான், ஒத்துக்கறேன். என் கணக்குல 2 மணி 41 நிமிஷம்னு காட்டுது. அதுல நான் நிஜமா ஆடுனது அரை மணி நேரம் இருந்தா பெருசு, மீதி எல்லாம் அந்தக் கோடு நகர்றதைப் பாத்துட்டு உக்காந்திருந்தது, அதையும் ஆடுன நேரமா எண்றாங்க! எழுதுனேன், கிராஷ் ஆன பதிவையும் அனுப்புனேன். கடை சொல்லுது இது கேம் தயாரிச்சவங்க பிரச்சனைன்னு. அவங்ககிட்ட போனா பணம் வாங்குனது கடை, அங்க கேளுங்கன்றாங்க. திரும்ப கடைக்கு வந்தா டிரைவரை அப்டேட் பண்ணுங்க, கேமை அழிச்சு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்கன்னு நான் ஏற்கனவே பண்ணதையே காப்பி பேஸ்ட் பண்றாங்க. நாலாவது நாள் என் புகார் டிக்கெட்டைத் தானா மூடி "உங்கள் பிரச்சனை தீர்ந்தது"ன்னு மெயில். மறுபடி திறந்தா வாலட்ல 5 டாலர் போடறோம்னாங்க. 94 டாலருக்கு 5 டாலர், அதையும் அங்கேயே செலவு பண்ணணுமாம்.

இந்த அவசரம் ஒண்ணும் புதுசு இல்ல. 1982ல ஈ.டி. படம் ஓடுன ஓட்டத்தைப் பாத்து அடாரி கம்பெனி கிறிஸ்துமஸுக்குள்ள கேம் வேணும்னு கிட்டத்தட்ட அஞ்சே வாரத்துல ஒரே புரோகிராமரை வச்சு முடிக்கச் சொன்னாங்க. விக்காம போன கேசட்டுகளை மத்த சரக்கோட சேர்த்து நியூ மெக்சிகோல கொண்டு போய் புதைச்சாங்க, 2014ல தோண்டி எடுத்தாங்க. படத்தோட தேதிக்கு கேமைத் தள்ளுனா இது தான் நடக்கும்னு நாப்பது வருஷத்துக்கு முன்னாடியே தெரியும், ஆனா அன்னிக்கு கைல ஒரு கேசட்டாவது இருந்துச்சு. 2020 டிசம்பர்ல சைபர்பங்க் 2077 கேம் ஏகப்பட்ட கோளாறோட வந்தப்ப சோனி தன் பிளேஸ்டேஷன் கடையில இருந்தே அதைத் தூக்கி ரீஃபண்ட் கொடுத்துச்சு, ஏன்னா உலகமே கத்துச்சு. நான் ஒருத்தன் கத்துனா யாருக்குக் கேக்கும்?

பணத்தைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி கார்டு கம்பெனில டிஸ்ப்யூட் போடலாம்னு பாத்தேன். அப்படிப் போட்டா கணக்கை முடக்கலாம்னு கடையோட விதிமுறைலயே இருக்கு. பதினோரு வருஷமா வாங்குன கேம் எல்லாம் அந்த ஒரு கணக்குல தான் இருக்கு. வாங்குனதுன்னு சொல்றதே தப்பு, நாம காசு கொடுக்கறது லைசென்ஸுக்கு, அதாவது ஆடுற அனுமதிக்கு தான். இப்படி விக்கும்போது அதை வெளிப்படையா சொல்லணும்னு கலிஃபோர்னியால 2025 ஜனவரில இருந்து சட்டமே இருக்கு. பேரு சொல்லாம எழுதறதுக்குக் காரணமும் அந்தக் கணக்குல இருக்குற கேம்கள் தான்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னு தான் உக்காந்தேன், இப்ப முடியல, இதை மட்டும் செய்யுங்க. படம் பாத்த அன்னிக்கு ராத்திரி கடையைத் திறக்காதீங்க. சாட்ல என்ன சொன்னாலும் ஸ்கிரீன்ஷாட். டீலக்ஸ்ல இருக்குறது இப்பவே கைக்கு வருமான்னு அடிவரை ஸ்க்ரோல் பண்ணிப் படிங்க. ஷேடர் கோடு ஓடும்போதே கடிகாரத்தைப் பாருங்க, ஒன்றரை மணி நேரம் ஆச்சுன்னா மூடிட்டு ரீஃபண்ட் போட்டுடுங்க.

காலைல மறுபடி திறந்து பாத்தேன். பூட்டு அப்படியே இருக்கு, பேனர்ல மட்டும் டீலக்ஸ் எடிஷன் 20 சதவீதம் தள்ளுபடின்னு மாத்தியிருக்காங்க.