ஒன்பது கோயில், பதினெட்டு முடிச்சு: எந்த ஷூவுக்கு எந்தப் பூட்டு?

சென்ற ஆண்டு தை மாதம் மாமா குடும்பத்தை நவக்கிரகக் கோயில்களுக்குக் காரில் அழைத்துப் போனேன். விடியலில் திங்களூரில் தொடங்கி இரவு திருநள்ளாற்றில் முடியும் அந்தச் சுற்றில் ஒன்பது இடத்தில் ஷூவைக் கழற்ற வேண்டும், ஒன்பது இடத்தில் மாட்ட வேண்டும். செருப்பில் போயிருக்கலாமே என்பீர்கள். குதிகால் வலிக்காக மருத்துவர் ஷூதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். கஞ்சனூர் வாசலில் நான் முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் மாமா காரில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கவே தொடங்கிவிட்டார்.

முடிச்சில்லாமல் ஷூவை இறுக்கும் சாதனங்களைப் பற்றி அன்றைக்குத்தான் யோசித்தேன். அதன் பிறகு ஓராண்டாகச் சிலவற்றை வாங்கியும், சிலவற்றை நண்பர்களிடம் இரவல் பெற்றும் போட்டுப் பார்த்துவிட்டேன். இவற்றின் விளம்பரங்கள் பெரும்பாலும் நீந்திக் கரையேறி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடுகிற டிரையத்லான் வீரர்களைக் காட்டுகின்றன. அவர்களுக்கு ஷூவை மாட்டுவதில் அவசரம். கும்பகோணத்துக்காரனுக்குக் கழற்றுவதிலும் அவசரம். கூடவே சேறு. இந்த இரண்டையும் வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

அதிகம் விற்பது எலாஸ்டிக் லேஸ். வழக்கமான லேஸைப் போலவே துளைகளில் கோத்து, இரு நுனிகளையும் ஸ்பிரிங் வைத்த சிறு பூட்டுக்குள் நுழைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியபடி பூட்டைக் கீழே தள்ளினால் ஷூ இறுகும். மேலே இழுத்தால் தளரும். ஒருமுறை அளவு பார்த்து வைத்துவிட்டால் பிறகு பூட்டைத் தொடவே வேண்டாம். லேஸ் நீண்டு கொடுக்கும், கால் நுழையும். சுவாமிமலையில் அறுபது படி ஏறி இறங்கி வந்து, நின்றபடியே ஷூவுக்குள் காலை விட்டுக்கொண்டு நடந்தேன். கோயிலுக்கு, வீட்டு வாசலுக்கு, மருத்துவமனை வாசலுக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. நீண்ட தூரம் நடந்து பாதம் வீங்கினாலும் லேஸ் இடம் கொடுப்பதால் மேல்பாதம் வலிப்பதில்லை.

இந்த இளக்கம்தான் அதன் குற்றமும். ஐப்பசி மழைக்குப் பிறகு அரசலாற்றுக் கரையில் ஓடியவர்களுக்குத் தெரியும்: வண்டல் களி ஷூவைப் பிடித்துக்கொள்ளும். கால் மேலே வரும், ஷூ வராது. ஒருநாள் காலை ஒற்றைக் காலில் காலுறையோடு நான் தள்ளாடிக்கொண்டு நிற்க, இடது ஷூ இரண்டடி பின்னால் சேற்றில் உட்கார்ந்திருந்தது. மாடு ஓட்டிப் போன பெரியவர், “தம்பி, அதைக் கையில எடுத்துக்கிட்டே ஓடலாமே” என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பூட்டின் ஸ்பிரிங்குக்குள் களி புகுந்து, பொத்தான் அமுங்க மறுத்தது. ஒரு குவளைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்த பிறகே விட்டது. காய்ந்த தார்ச் சாலையில் ஓடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சிலிக்கோன் என்ற ரப்பர் போன்ற பொருளால் ஆன பட்டைகள் வேறு மாதிரி. லேஸையே உருவிவிட்டு, எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே ஒரு துண்டு வீதம் மாட்டிக்கொண்டே போக வேண்டும். ஆறு ஜோடித் துளை என்றால் ஒரு ஷூவுக்கு ஆறு துண்டு. சேறு பட்டால் குழாயடியில் காட்டினால் போதும், நிமிடத்தில் சுத்தம். பார்க்கவும் அழகு. ஆனால் மேல்பாதம் உயர்ந்தவர்களுக்கு நடுத்துண்டு அழுத்தும், அடித்துண்டு தளர்ந்து கிடக்கும். ஒவ்வொன்றும் தனித்தனி என்பதால் இழுவை எல்லா இடத்துக்கும் பரவுவதில்லை. ஓட இது உதவாது. அலுவலகத்துக்குப் போட்டுப் போகலாம். ஒரு துண்டு தொலைந்தால் அந்த அளவில் இன்னொன்று உள்ளூரில் தேடிப் பிடிப்பது தனி வேலை.

காந்தப் பூட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. இரு தகடுகளை லேஸில் கோத்துவிட்டால் ‘டக்’ என்று ஒட்டிக்கொள்ளும். சிறு வயதில் ஆற்று மணலில் காந்தத்தைத் தேய்த்துக் கருந்துகள் சேர்த்து விளையாடியிருப்பீர்களே, அதே துகள்தான் இந்தத் தகட்டிலும் மீசை முளைத்தது போல ஒட்டியது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

திருகுக் குமிழ் இந்தக் கூட்டத்தில் பணக்காரன். போவா என்ற பெயரில் 2001 இல் பனிச்சறுக்குப் பூட்ஸுக்காக அமெரிக்காவில் வந்தது. குமிழை அழுத்தித் திருகினால் மெல்லிய கம்பி இறுகும். மேலே இழுத்தால் மொத்தமும் விடும். மற்றவற்றைப் போலப் பழைய ஷூவில் பொருத்த முடியாது. ஷூவோடு சேர்ந்தே வர வேண்டும். நண்பனின் சைக்கிள் ஷூவில் போட்டுப் பார்த்தேன், இறுக்கத்தில் குறையே இல்லை. கம்பி அறுந்தால் எங்கள் தெரு முனையில் தைப்பவர் என்ன செய்வார் என்பதுதான் என் கவலை.

வெல்க்ரோ என்ற ஒட்டுப்பட்டையை அப்பாவுக்கு வாங்கினேன். அவருக்கு எழுபத்திரண்டு வயது, இடுப்பு வளையாது. சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் நாயோடு காட்டுக்குப் போய் வந்தபோது உடையில் ஒட்டிய முட்காய்களைப் பார்த்து உண்டாக்கியது இது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை போலும்: வரப்பில் நடந்து வந்த அப்பாவின் பட்டையில் நாயுருவி விதை அப்பிக்கிடக்கிறது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை சீவிவிட்டால் மறுபடி கவ்வுகிறது. முதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். விரல் நுனிக்குப் பலம் வேண்டாம். கண் கூட வேண்டாம்.

கடைசியில் சாதாரண லேஸுக்கும் ஒரு நியாயம் பேச வேண்டும். அது அவிழ்வதற்குக் காரணம் பெரும்பாலும் நம் கைதான். 2017 இல் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இதைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஓடும் கால் தரையில் மோதும் விசை புவியீர்ப்பின் ஏழு மடங்கு அளவுக்கு முடிச்சை உலுக்கித் தளர்த்துகிறது. அந்த நேரம் பார்த்து, வீசியாடும் நுனிகள் அதைப் பிடித்து இழுக்கின்றன. இளகத் தொடங்கிவிட்டால் சில நொடிகளில் அவிழ்ந்துவிடுகிறது. உங்கள் ஷூவைக் குனிந்து பாருங்கள். முடிச்சின் இரு காதுகளும் ஷூவுக்குக் குறுக்கே கிடந்தால் சரி. விரலுக்கும் குதிகாலுக்குமாக நெடுக்கே திரும்பியிருந்தால் முடிச்சு தவறு. முதல் சுற்றில் எந்த நுனியை மேலே போடுகிறீர்களோ அதைக் கீழே போடுங்கள், அவ்வளவுதான். காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடப் பழகும் எங்கள் ஊர்ப் பையன்கள் இன்றும் இந்த லேஸோடுதான் ஓடுகிறார்கள். மிச்ச நுனியைப் பக்கவாட்டில் செருகிக்கொள்கிறார்கள். சேற்றில் ஓட நானும் இதற்கே திரும்பிவிட்டேன். எலாஸ்டிக் இப்போது என் நடை ஷூவில் மட்டும்.

எலாஸ்டிக் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மிச்ச நுனியை முதல் நாளே வெட்டாதீர்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டு, பத்து நாள் நடந்து, அளவு நிலைத்த பிறகு வெட்டுங்கள். நான் காலையில் கத்தரியை எடுத்தேன். மாலையில் பூட்டைத் தளர்த்தப் போனபோது ஒரு நுனி அதற்குள்ளிருந்து உருவிக்கொண்டது. வெட்டியது குட்டையாகிவிட்டதால் மீண்டும் நுழைக்கப் பிடி கிடைக்கவில்லை. புதிதாக ஒரு ஜோடிதான் வாங்கினேன்.