மணிலாவா, மலாவியா?

தேர்தல் முடிவில் ஐயம் எழுந்தால் காரைக்குடி நண்பர்கள் பலர் முதலில் சொல்வது 1986 பிலிப்பைன்ஸ். பிப்ரவரித் தேர்தலில் எண்ணிக்கை திரிக்கப்படுகிறது என்று கணினிப் பணியாளர்களே வெளியேறினார்கள். மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் திரண்டார்கள். அதிபர் மார்கோஸ் நாட்டைவிட்டே ஓடினார். மனம் பொங்கும் வரலாறுதான். ஆனால் படையில் ஒரு பகுதி மக்கள் பக்கம் வந்ததும் அதில் அடக்கம். காரைக்குடி ஐந்துவிளக்கில் கூட்டம் கூட்டினால் அது எட்சா ஆகிவிடாது.

என் தேர்வு ஆப்பிரிக்க நாடான மலாவி. 2019 மே அதிபர் தேர்தலின் முடிவுத்தாள்களில் வெள்ளைத் திருத்தமை பூசப்பட்டிருந்தது. மக்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றார்கள். வழக்கறிஞர்கள் அந்தத் தாள்களையே நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2020 பிப்ரவரியில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஜூன் மறுதேர்தலில் எதிர்க்கட்சியின் சக்வேரா வென்றார்.

நமக்கும் தாள் உண்டு: வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர்களுக்குத் தரப்படும் படிவம் 17சி, அந்தச் சாவடியில் பதிவான வாக்குகளின் கணக்கு. கல்லல், பள்ளத்தூர், தேவகோட்டை என்று சாவடிதோறும் அதை வாங்கிப் பத்திரப்படுத்த ஆள் வேண்டும். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் என்றால் 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு. வேகம் கிடைக்காது, 2009 சிவகங்கை மக்களவைத் தேர்தல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்தத் தாமதத்தை எதிர்த்துத் தெருவில் நிற்கலாம், நானும் வருவேன்.