அறுந்த நரம்புக்கு எந்தப் பாலம்? ஷ்வான் செல்லைக் கேட்டு முடிவெடுங்கள்

அறுந்த நரம்பின் இரு முனைகளையும் இழுவிசை இல்லாமல் சேர்த்துத் தைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. நடுவில் ஒரு துண்டு சிதைந்து போயிருந்தால்தான் சிக்கல். அப்போது நோயாளியின் சொந்த நரம்பு, செல் நீக்கிய கொடை நரம்பு, வெற்றுக் குழாய், பக்கத்து நரம்பின் கிளை என நான்கு வழிகள் உண்டு. பாலத்தின் நீளத்தை மட்டும் அளந்து தேர்ந்தெடுப்பது போதாது. உள்ளே எந்த கிளியல் செல்கள் (நரம்பு இழைகளைத் தாங்கும் துணைச் செல்கள்) உயிரோடு இருக்கின்றன என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

வெட்டுக்கு அப்பாலுள்ள ஆக்சான், அதாவது நரம்புச் செல்லின் நீண்ட இழை, சிதைந்துவிடும். அதற்கு மயலின் என்ற கொழுப்பு உறை போட்டிருந்த கிளியல் செல்களான ஷ்வான் செல்கள் சாகாது. பழைய மயலினைச் சிதைத்து அகற்றி, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, நீளவாக்கில் வரிசை கட்டி நின்று புதிய ஆக்சானுக்கு வழி காட்டும். அந்த வழியில் ஆக்சான் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும்.

சொந்த நரம்பு முன்னணியில் நிற்பது இதனால்தான். வழக்கமாகக் கெண்டைக்காலின் சூரல் நரம்பை எடுக்கிறார்கள். அதனுள் ஷ்வான் செல்கள் உயிரோடு வருகின்றன. விலையாகப் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். கொடை நரம்பில் லாமினின் என்ற புரதம் பூசிய நுண்குழல்கள் அப்படியே இருக்கும், குடியிருப்பவர்கள்தான் இல்லை. இரு முனைகளிலிருந்தும் ஷ்வான் செல்கள் பெருகி உள்ளே வர வேண்டும். இடைவெளி நீண்டால் அவை மூப்படைந்து தளர்ந்துவிடுகின்றன. வெற்றுக் குழாயில் அந்த நுண்குழல்களும் கிடையாது. சிறிய உணர்வு நரம்பில் குட்டி இடைவெளிக்கு அது சரி, 3 சென்டிமீட்டருக்கு மேல் நான் நம்பமாட்டேன்.

இதுவரை பேசியது பாதையைப் பற்றி. பலர் மறந்துவிடும் மறுமுனை தசையில் இருக்கிறது. ஒவ்வொரு நரம்பு-தசைச் சந்திப்பின் மேலும் சில முனைய ஷ்வான் செல்கள் போர்வையாகப் படர்ந்திருக்கும். நரம்பு போனதும் அவை மெல்லிய கிளைகளை நீட்டுகின்றன; ஒரு சந்திப்பிலிருந்து நீண்ட கிளை அடுத்த சந்திப்பைத் தொட்டுவிடும். பிறகு திரும்பி வரும் ஆக்சான் பழைய இடத்தை அடைந்ததோடு நிற்காமல், அந்தக் கிளையின் மேலேயே ஊர்ந்து பக்கத்துத் தசை நாருக்கும் போய்ச் சேருகிறது. 1990களில் எலித் தசைகளில் இதைக் கண்டபோது, வழிகாட்டி ஆக்சான் அல்ல, கிளியல் செல்தான் என்பது தெளிவானது. எனக்கு இன்றும் வியப்பு தரும் காட்சி இது.

ஆனால் இந்த ஆயத்தம் நிலைக்காது. மாதங்கள் கடந்தால் பாதையிலுள்ள ஷ்வான் செல்களின் பழுதுபார்க்கும் திறன் மங்கும், தசையும் மெலியும். கழுத்தருகே நரம்பு வேர் சிதைந்தால் மேற்கைத் தசை வரை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கே எட்டு மாதம் ஆகிவிடும். அங்கே எவ்வளவு நல்ல நரம்புத் துண்டை ஒட்டு வைத்தாலும் ஆக்சான் தாமதமாகவே வந்து சேரும்.

அப்போது நான்காவது வழியே என் தேர்வு. 1994இல் ஓபர்லின் குழுவினர் விவரித்த முறையில், கைக்குச் செல்லும் அல்நார் நரம்பின் ஒரே ஒரு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்குச் செல்லும் கிளையோடு தசைக்கு அருகிலேயே இணைக்கிறார்கள். ஆக்சான் கடக்க வேண்டியது சில சென்டிமீட்டர்களே. பொதுவாகக் கையின் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. முழங்கையை மடக்க மூளையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். பயிற்சியில் அது கைகூடும்.

தொடு உணர்வு மட்டும் திரும்ப வேண்டிய நரம்பென்றால் இந்த அவசரம் இல்லை. அங்கே மெலியும் தசை கிடையாது. ஒட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.