புது வீட்டு வயரிங்குக்கு மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

பால் காய்ச்சிக் குடிவந்த முதல் வாரத்திலேயே குழப்பம் தொடங்கிவிடும். வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்தால் 12 எம்சிபி (ஒவ்வொரு லைனையும் தனியாக நிறுத்தும் சுவிட்ச்) வரிசையாக நிற்கும், ஒன்றின் மேலும் பெயர் இருக்காது. சமையலறை பிளக்கை நிறுத்த நினைத்தால் படுக்கையறை ஃபேன் நிற்கும். சுவரைப் பிரிக்காமல் இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கருவி, பிளக் வடிவில் வரும் மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர். புது வீட்டுக்காரர் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் இது. ஆனால் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. ஒரு விளக்கு பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) இடையே, ஒன்று பேஸுக்கும் எர்த்துக்கும் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர்) இடையே, ஒன்று நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே. நம் ஊர் மூன்று ஓட்டை சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். சரியான இணைப்பில் முதல் இரண்டு விளக்கும் எரியும், மூன்றாவது எரியாது. பேஸ்–நியூட்ரல் விளக்கு மட்டும் எரிந்தால் எர்த் வரவில்லை. பேஸ்–எர்த் மட்டும் எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. பேஸ்–நியூட்ரலும் நியூட்ரல்–எர்த்தும் சேர்ந்து எரிந்தால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. கம்பெனிக்குக் கம்பெனி விளக்கின் வரிசையும் நிறமும் மாறும் என்பதால் கருவியின் மேல் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

சாதாரண லைன் டெஸ்டர் பேஸ் எங்கே என்று காட்டும். எர்த் இருக்கிறதா என்பதை அதால் சொல்ல முடியாது. இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பதே அதற்காகத்தான்.

புது வீடுகளில் அதிகம் மாட்டுவது பேஸ்–நியூட்ரல் மாற்றம். சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம் பேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது வழக்கம். வேலை முடியும் நேரத்தில் கறுப்பு வயர் தீர்ந்துபோய் இரண்டுக்கும் சிவப்பையே இழுத்துவிட்டால், பிறகு எது எது என்று இழுத்தவருக்கே தெரியாது. மாறிக் கிடந்தாலும் மிக்ஸி ஓடும், சார்ஜர் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் சுவிட்ச் நியூட்ரலைத்தான் துண்டிக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் கருவிக்குள் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

ஒரு இடத்தில் ஸ்டிக்கர் படமே ஏமாற்றும். நியூட்ரல் அறுந்த லைனில் வேறு ஏதாவது ஒரு கருவி ஆனில் இருந்தால், அதன் வழியாக பேஸ் நியூட்ரல் ஓட்டைக்கு வந்துவிடும். அப்போது டெஸ்டர் ‘பேஸும் எர்த்தும் இடம் மாறியிருக்கிறது’ என்று காட்டும். அப்படிக் காட்டினால் முதலில் மெயினை அணையுங்கள். உண்மையிலேயே எர்த் பின்னில் பேஸ் வந்திருந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பைத் தொட்டாலே ஷாக். அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் கழற்றி, விளக்கு, ஃபேன் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மறுபடி பார்த்தால் எது என்று தெளிவாகும்.

இனி முக்கியமான விஷயம்: போலி எர்த். எர்த் வயர் இழுக்காமல், சாக்கெட்டின் பின்னாலேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குப் போட்டுவிடுவார்கள். டெஸ்டர் ‘சரி’ என்றுதான் காட்டும். பிறகு என்றாவது நியூட்ரல் கழன்றால், அங்கே மாட்டியிருக்கும் கிரைண்டரின் உலோக உடம்பு முழுக்க பேஸ்.

இதைப் பிடிக்க, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) சோதனை பட்டன் உள்ள மாடலை வாங்குவது நல்லது. விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். பட்டனை அழுத்தினால் பேஸிலிருந்து எர்த் பின்னுக்கு ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர் கசிய விடும்; 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே விழ (ட்ரிப் ஆக) வேண்டும். போலி எர்த்தாக இருந்தால் கசிவு நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால் ஆர்சிசிபி அசையாது. டிபி பாக்ஸில் ஆர்சிசிபி மேலேயே இருக்கும் ‘டி’ பட்டன் இதற்கு ஈடாகாது. வீட்டில் எர்த்தே இல்லாவிட்டாலும் அது விழும், ஏனென்றால் அது தன் உள்ளேயே பேஸையும் நியூட்ரலையும் வைத்துச் சோதிக்கிறது. அதேபோல் டெஸ்டர் பட்டனுக்கு ஆர்சிசிபி விழுந்துவிட்டது என்பதால் எர்த் பிரமாதம் என்றும் ஆகாது. சில நூறு ஓம் உள்ள மட்டமான எர்த்திலும் 30 மில்லி ஆம்பியர் போய்விடும். எர்த் குழி எத்தனை ஓம் என்பதை எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

லோடு போட்டால் மட்டும் வெளிப்படும் கோளாறும் இதில் தெரியாது. இரண்டு ஆர்சிசிபி உள்ள வீட்டில் ஒன்றின் பேஸும் இன்னொன்றின் நியூட்ரலும் ஒரே சாக்கெட்டில் சேர்ந்திருந்தால், டெஸ்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் எல்லாம் சரியாகவே காட்டும். 1,000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸை மாட்டினால் அந்த நொடியே ட்ரிப் ஆகும். வயரின் தடிமனும் தெரியாது. கீசர் பாயிண்டில் 2.5 சதுர மில்லிமீட்டருக்குப் பதில் 1.5 போட்டிருக்கிறார்களா என்று அறிய, மெயினை அணைத்து, பிளேட்டைக் கழற்றி, வயர் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும்.

எம்சிபிகளுக்குப் பெயர் வைக்கும் வேலையில் இது மிக வசதி. எல்லா எம்சிபியையும் அணைத்து, எல்லா சாக்கெட் சுவிட்சையும் ஆன் செய்துவிட்டு, ஒரே ஒரு எம்சிபியை மட்டும் போட்டு வீட்டைச் சுற்றி ஒவ்வொரு சாக்கெட்டாக மாட்டிப் பாருங்கள். எரிகிற இடங்களை ‘ஹால் 1, கிச்சன் 2’ என்று எழுதிக்கொண்டு, அதை அணைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் டிபி கதவின் உட்புறம் ஒட்டிவிடலாம். இன்வெர்ட்டரை முழுவதும் நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் அணைத்த லைனிலும் பேக்அப் கரண்ட் வந்து கணக்கைக் குழப்பும்.

வாங்கும்போது பின்னைப் பாருங்கள். ஆன்லைனில் வருபவற்றில் பல, தட்டைப் பின் உள்ள வெளிநாட்டு மாடல்கள். நமக்கு வேண்டியது உருண்டைப் பின் உள்ள 6 ஆம்பியர் வகை. 6/16 ஆம்பியர் இரட்டை சாக்கெட்டிலும் அது இறங்கும். தனி 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அடாப்டர் வேண்டும். மலிவான அடாப்டர்களில் எர்த் பின் வெறும் அலங்காரமாகவே இருப்பதுண்டு. ‘எர்த் இல்லை’ என்று காட்டினால் சுவரைச் சந்தேகிப்பதற்கு முன் அதே அடாப்டரைச் சரியென்று தெரிந்த வேறொரு சாக்கெட்டில் மாட்டிப் பாருங்கள்.