மழை ஊரில் ஓர் ஓட்டைக் கார்: எம்எக்ஸ்-5 உடன் நாலரை வருடம்

மான்செஸ்டர் பக்கம் இருந்துகொண்டு கூரை திறக்கிற கார் வாங்கப் போகிறேன் என்றதும் ஆபீசில் சிரித்தார்கள். அம்மா மதுரையிலிருந்து போனில் கேட்டார்: "வருஷம் பூரா மழைங்கிற. அப்புறம் எதுக்குடா உனக்கு ஓட்டைக் காரு?" விளையாட்டாகத்தான் கேட்டார். இரண்டாவது குளிர்காலத்தில் அது நிஜமாகவே ஓட்டைக் காராகிப்போனது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கார் மாஸ்டா எம்எக்ஸ்-5. 2010 மாடல், 2 லிட்டர் பெட்ரோல், ஆறு கியர், மடங்கும் கெட்டிக் கூரை. 2021 ஏப்ரலில் ஒரு தனிநபரிடம் 5,400 பவுண்டுக்கு வாங்கியபோது 58,000 மைல் ஓடியிருந்தது. இன்றைக்கு 81,000. ஆக என் கையில் மட்டும் 23,000 மைல், நம்மூர்க் கணக்கில் 37,000 கிலோமீட்டர். வீட்டில் ஐந்து பேர் உட்காருகிற இன்னொரு கார் இருக்கிறது. அது இல்லையென்றால் இந்த வண்டிப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன்.

வாங்குவதற்கு முன் ஆறு மாதம் மற்றவற்றையும் சுற்றிப் பார்த்தேன். ஆடி டிடி உள்ளே உட்கார்ந்தால் அவ்வளவு அழகு. ஓட்டினால் நல்ல ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஓட்டுவது மாதிரி இருந்தது. குறை என்று சொல்ல முடியாது, ஆனால் கோல்ஃபுக்காகவா இவ்வளவு அலைந்தேன்? பிஎம்டபிள்யூ இசட்4-இன் ஆறு சிலிண்டர் சத்தம் இரண்டு நாள் காதிலேயே நின்றது. இன்சூரன்ஸ் கேட்டதும் அது நின்றுவிட்டது. டொயோட்டா எம்ஆர்2 ரோட்ஸ்டரில் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, துள்ளலான வண்டி, ஆனால் டிக்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. 9,000 ஆர்பிஎம் வரை சுற்றும் ஹோண்டா எஸ்2000-இன் விலை எனக்கு எட்டாத உயரத்துக்கு எப்போதோ போய்விட்டது.

என்னை எம்எக்ஸ்-5 பக்கம் திருப்பியது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவரிடம் முதல் தலைமுறைக் கார் இருக்கிறது, சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் போல ஹெட்லைட் எழுந்து நிற்குமே, அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டார். முப்பது மைல் வேகத்தைத் தாண்டவே இல்லை. திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டேன்.

இந்தக் கார் முதலில் வெளிவந்தது 1989 பிப்ரவரி, சிகாகோ கண்காட்சியில். 1960-களில் லோட்டஸ் எலான் மாதிரி சின்னச் சின்ன திறந்த கார்கள் பிரிட்டனில் இருந்தன. எடை குறைவு, இரண்டே சீட், பின்சக்கரம் தள்ளும். ஓட்டினால் சொர்க்கம், காலையில் ஸ்டார்ட் ஆகுமா என்பது அன்றைய நாள்பலன். அதே சங்கதியைத் தினமும் ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஜப்பான்காரர்கள் ஹிரோஷிமாவில் செய்தார்கள். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. பழைய கார் வாங்குபவனுக்கு இந்த எண்ணிக்கைதான் முக்கியம். இவ்வளவு ஓடுவதால் பாகம் கிடைக்கும், பழைய பாகமும் கிடைக்கும், இதை மட்டுமே பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப்களும் உண்டு.

நாலு தலைமுறைக்கும் ரசிகர்கள் வழங்கும் பெயர் என்ஏ, என்பி, என்சி, என்டி. முதல் இரண்டும் பார்க்க லட்சணம், ஆனால் குளிர்காலத்தில் இந்த ஊர் ரோட்டில் தூவுகிற உப்பில் பல வண்டிகள் அடியில் கரைந்துவிட்டன. 60,000 மைலுக்கு ஒருமுறை டைமிங் பெல்ட்டும் மாற்ற வேண்டும். 2015-இல் வந்த என்டி ஒரு டன்னை ஒட்டிய எடை, நாலில் அதுதான் அழகி. ஓட்டிப் பார்த்தேன். என் உயரம் ஆறடி ஒரு அங்குலம், முழங்கால் ஸ்டீயரிங்கில் முட்டியது. மிச்சம் இருந்தது 2005 முதல் 2015 வரை வந்த என்சி. ரசிகர்கள் 'கொழுத்த தம்பி' மாதிரி அதை ஓரம்கட்டுவார்கள், அதனாலேயே விலையும் குறைவு. பெல்ட்டுக்குப் பதில் செயின், கால் நீட்ட இடம், 2009-க்குப் பிறகு முன்பக்கம் வாய்கொள்ளாச் சிரிப்பு. ஸ்டீயரிங் மேலும் கீழும் நகரும், முன்னும் பின்னும் வராது. கை நீளம் குறைந்தவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். லண்டன்வாசிகளுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் கார் யூரோ 4 என்ற புகைத் தரத்துக்குக் கீழே இருந்தால் ஊருக்குள் ஓட்ட ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டணம். பழைய தலைமுறை வாங்குமுன் நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூரையைப் பற்றி. நடுவில் உள்ள கொக்கியைக் கையால் விடுவித்து, பட்டனை அழுத்திப் பிடித்தால் பன்னிரண்டு நொடியில் மடிந்து சீட்டுக்குப் பின்னால் போய் உட்காரும். வண்டி நின்றிருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் தூறல் ஆரம்பித்தால் பச்சை வருவதற்குள் மூடிவிடலாம், நான் பலமுறை மூடியிருக்கிறேன். துணிக் கூரையைவிட 37 கிலோ போலக் கூடுதல் எடை, ஆனால் மடித்தாலும் டிக்கி இடத்தை எடுத்துக்கொள்வதில்லை. அந்த இடமே 150 லிட்டர்தான்: ஒரு பத்து கிலோ அரிசி மூட்டை, இரண்டு பை காய்கறி, அதன் மேல் ஒரு கட்டு கறிவேப்பிலை. ஸ்டெப்னி கிடையாது, பஞ்சருக்குக் காற்று பம்ப்பும் பசை டப்பாவும்தான்.

கூரை திறக்க நல்ல காலம் வெயில்காலம் என்று நினைத்திருந்தேன். வெயிலில் மண்டை காய்கிறது. நவம்பர் காலையில், ஆறு டிகிரியில், கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்கு விட்டு, குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டு போவதற்கு இணை இல்லை. காதுக்கு மேலே குளிர், முழங்காலுக்குக் கீழே வெந்நீர்த் தொட்டி.

ஓட்டுவது எப்படி? வேகமான கார் இல்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும் எலெக்ட்ரிக் கார் சத்தமில்லாமல் கடந்து போய்விடும். ஆனால் கியர் மாற்றுவது மணிக்கட்டு அசைவுதான். 'டக்' என்று ஒரு சின்ன உலோகத் தொடுகை, மாறிவிட்டது. தேவையே இல்லாமல் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குவேன், அந்த டக்குக்காக. மாக்கிள்ஸ்ஃபீல்டிலிருந்து பக்ஸ்டனுக்குப் போகும் ஏ537, கேட் அண்ட் ஃபிடில் ரோடு என்பார்கள், 1,690 அடி உயரம் வரை வளைந்து வளைந்து ஏறும். வேக வரம்பு 50 மைல், சராசரி வேகம் பார்க்கிற கேமரா வைத்திருக்கிறார்கள். வேறு காரில் அந்த வரம்பு எரிச்சலாக இருக்கும். இதில் நாற்பதிலேயே கை, கால், இடுப்பு மூன்றுக்கும் வேலை இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு டயர் கடைக் கதை. வாங்கிய ஆறாவது மாதம் டயர் மாற்றினேன். மாற்றி வந்தபின் பள்ளத்துக்குப் பள்ளம் வண்டி தவளை மாதிரி குதித்தது, ஈர ரவுண்டானாவில் பின்பக்கம் லேசாக நழுவிப் பயமுறுத்தியது. சஸ்பென்ஷன் போய்விட்டது என்றே நினைத்தேன். காற்றை அளந்தால் நாலு டயரிலும் 36. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 29 என்று போட்டிருக்கிறது. எடை குறைந்த வண்டி, குறைந்த காற்று போதும். கடைப் பையன் எல்லாக் காருக்கும் அடிக்கிற மாதிரி அடித்துவிட்டான். இறக்கிவிட்டதும் பழைய கார் திரும்ப வந்தது. இலவச வைத்தியம்.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

2022 டிசம்பர். காருக்குள் ஒரு வாடை, நனைந்த சாக்கு மாதிரி. மனைவி என் ஷூவைச் சந்தேகப்பட்டாள். ஒரு நாள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தேன். அங்கேதான் பழைய சர்வீஸ் காகிதங்களை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன். பத்து வருட ரசீதுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய அப்பளக் கட்டாக என் கைக்கு வந்தன. கார்பெட்டை அமுக்கினால் விரலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது.

கூரை ஒழுகவில்லை. கூரை மேல் விழும் மழை, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் உள்ள ஒரு ஓட்டையில் இறங்கி, குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். நான் வண்டியை நிறுத்துவது மரத்தடியில். ஒன்றரை வருட இலை மக்கி, அந்த ஓட்டையில் கருப்புச் சேறாக அடைத்திருந்தது. வழி இல்லாத தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. தப்பு முழுக்க என்னுடையது. கையேட்டைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

பெரியவர்தான் வைத்தியம் காட்டினார். ஜன்னல் திரை மாட்டுகிற, பிளாஸ்டிக் உறை போட்ட சுருள் கம்பியை மெதுவாக உள்ளே விட்டுத் திருக வேண்டும். காற்றடித்துத் தள்ளக் கூடாது, உள்ளே குழாய் கழன்றுவிடும். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்ப்பது. முதலில் இரண்டு சொட்டு, பிறகு ஒரு இலைத்துண்டு, அப்புறம் கடகடவென்று கறுப்புத் தண்ணீர். தலைக்கு மேல் மழையும் பெய்துகொண்டிருந்தது. அன்றைக்கு அந்தச் சாக்கடைத் தண்ணீரைப் பார்த்து இரண்டு பேரும் கைதட்டினோம்.

வாடை போனது, ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. அடுத்த வசந்தத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்த்த மெக்கானிக், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியில், 'சில்' என்பார்கள், பின்சக்கரம் பக்கமாக ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாகத் தட்டினார். உள்ளே போய்விட்டது. அழகான கருப்புப் பூச்சுக்கு அடியில் மிச்சமிருந்தது வெறும் துரு. அது என் ஒன்றரை வருட இலையால் மட்டும் வந்த துரு இல்லை, வாங்கும்போதே இருந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வெட்டி வெல்டிங் வைக்க 650 பவுண்டு.

இதில் என்னை உறுத்துவது, எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க முடியும் என்பதுதான். பிரிட்டனில் மூன்று வருடம் கடந்த காருக்கு, ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்ஓடி சோதனை ஆண்டுதோறும் உண்டு. நம்பர் பிளேட் எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் பழைய சோதனை முடிவுகள் இலவசமாகத் தெரியும்: மைல் கணக்கு, ஃபெயில் ஆன காரணம், 'இதைக் கவனி' என்ற குறிப்புகள். நானும் பார்த்தேன். மைல் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பின்னால் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தபோது, தொடர்ந்து இரண்டு வருடம் அதே இடத்தில் துரு என்று குறிப்பு, மூன்றாம் வருடம் குறிப்பே இல்லை. வெல்டிங் ரசீதும் இல்லை. துரு தானாகக் குணமாகாது. யாரோ கருப்புப் பெயின்டை அடித்து மூடியிருக்கிறார்கள். விற்றவருக்கு அது தெரியுமா என்பதை அவரிடமே விடுகிறேன். அன்று நான் பார்த்தது வண்டியின் முன்பக்கச் சிரிப்பை. மண்டியிட்டு அடியைப் பார்த்திருந்தால் 650-ஐ விலையில் குறைத்திருக்கலாம், அல்லது அடுத்த வண்டிக்குப் போயிருக்கலாம்.

மற்ற செலவுகள் பெரிதாக இல்லை. பின் பிரேக் காலிப்பர் ஒன்று உப்பில் இறுகிவிட்டது, மாற்றினேன். வீல் அலைன்மென்ட்டுக்குப் போனால் பின்பக்கத்து நீளமான போல்ட்டுகள் புஷ்ஷோடு சேர்ந்து துருப்பிடித்து அசையவில்லை. அறுத்தெடுத்துப் புதிது போட வேண்டியிருந்தது, அரை நாள் வேலை. ஆனால் அலைன்மென்ட் சரியானபின் வளைவில் வண்டி நினைத்த இடத்தில் நின்றது, அந்தக் காசை மறந்துவிட்டேன். ஆயில் குச்சியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். இந்த எஞ்சின்களில் சில ஆயிலைக் கொஞ்சம் குடிக்கும், அளவு குறைந்தது தெரியாமல் ஓட்டினால் எஞ்சினே போய்விடும். பெட்ரோல் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் போலக் கொடுக்கிறது.

போன வருடம் அம்மா வந்திருந்தார். உட்காரும்போது, "என்னடா, கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இருக்கு" என்றார். கூரை மடிந்ததை வாய் திறந்து பார்த்தார். சேலைத் தலைப்பைத் தலையைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு பக்ஸ்டன் வரை வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் நான் இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. முட்டிவலி உள்ளவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய் அத்தையிடம் சொன்னாராம், மாட்டு வண்டியில போற மாதிரியே காத்து, ஆனா வேகமா.

விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. பின்சக்கர வளைவில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது, வெயில் இருக்கும்போதே சுரண்டிப் பூச வேண்டும். அடுத்த எம்ஓடி மார்ச்சில். மரம் மறுபடி இலை உதிர்க்க ஆரம்பித்துவிட்டது, அதனால் இந்த சனிக்கிழமை திரைக்கம்பியும் ஒரு டம்ளர் தண்ணீரும்.